டாக்டர் ரூம்

இந்தப் பெட்டி காலை இடிக்குதாண்ணே? இருங்க, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிக்கிறேன். மேல வைக்கலாம்னா கம்பி தாங்காதுன்னுட்டாரு கண்டக்டர். அம்புட்டும் புஸ்தகம். கருங்கல்லு கணக்காக் கனக்குது. நம்ம பொண்ணோடதுதான். அந்தா, முன்னால லேடீஸ் சீட்டுல, பச்சைத் துப்பட்டா, ஜன்னல்ல தலையைச் சாச்சுத் தூங்குது பாருங்க, அதுதான். டாக்டருக்குப் படிக்குது.

படிக்கப் போகுது. ரெண்டும் ஒண்ணுதான.

நாங்க நாமக்கல்லு போறோம்ணே. நீங்க? கரூரா? அப்ப நேரம் கிடக்கு. திண்டுக்கல்லு இப்பத்தான தாண்டுச்சு. நமக்கு ஊரு அருப்புக்கோட்டை. சோலையப்பன் எம்பேரு. சோலையப்பன்னு கேட்டா ஒரு பயலுக்கும் தெரியாது. 'பைப்பு'ன்னு கேளுங்க, கொண்டாந்து வாசல்ல விட்டுருவாய்ங்க. பிளம்பிங் வேலைண்ணே. ஆஸ்பத்திரி, லாட்ஜு, கல்யாண மண்டபம், எல்லாம் பாக்குறது. இருவத்தஞ்சு வருசமா எனக்குப் பைப்புன்னுதான் பேரு. 'ஏ பைப்பு, இங்க வா.' 'பைப்பு வந்துட்டானா?' வாட்ச்மேன் பையன்கூட அப்படித்தான் கூப்பிடுவான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேசன் தேட்டருக்கு லைன் இழுத்துக் குடுத்தேன். ஆறு மாசம் அங்கனயே கிடையாக் கிடந்தேன். தொறந்த அன்னிக்குப் பெரிய டாக்டரு எல்லாருக்கும் துண்டு போத்துறாரு. எலக்ட்ரீசியன் பேரைச் சொல்றாரு, பெயிண்டர் பேரைச் சொல்றாரு. எங்கிட்ட வந்ததும் மைக்குல, 'அடுத்து நம்ம பைப்பு'ங்கிறாரு. எல்லாரும் சிரிக்கிறாய்ங்க. நானும் சிரிச்சுக்கிட்டுதான் வாங்குனேன். வேற என்ன செய்ய? மனுசனுக்குப் பேருன்னு ஒண்ணு இருக்குல்லண்ணே? அப்பனாத்தா வச்ச பேரு. அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கலண்ணே எனக்கு.

அன்னிக்கு முடிவு பண்ணுனதுதான். நம்ம புள்ளைய ஒரு பய ஏ போ வான்னு கூப்பிடக் கூடாது. வாய் நிறைய 'டாக்டரம்மா'ன்னு கூப்பிடணும். புள்ளைக்கு அப்ப மூணு வயசு. அன்னையில இருந்து நான் அதைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. 'டாக்டரம்மா, பால் குடிச்சாச்சா?' 'டாக்டரம்மா, ஸ்கூலுக்கு நேரமாச்சு.' தெருவே அப்படித்தான் கூப்பிடும். பலசரக்குக் கடைக்காரர், ஆட்டோக்காரர், எல்லாரும். ஸ்கூல்ல மட்டும்தான் பேரு. அது அங்க கிடக்குது.

வீடு கட்டுனம்ல, புள்ளை எட்டாப்பு படிக்கிறப்ப. கொத்தனார்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். 'வீட்டை எப்படி வேணாலும் கட்டு, முன்னால ஒரு ரூம் தனியா வரணும். வீட்டுக்குள்ள வராம ரோட்டுல இருந்து நேரா உள்ள போற மாதிரி அதுக்கு ஒரு வாசல் வேணும். வாசலுக்கு வெளியில நாலு பேரு உக்கார சிமெண்டு பெஞ்சு போடணும்'னு. அவன் 'கடையா?'ன்னான். 'கடை இல்லடா, கிளினிக்'னேன். எம் பொண்டாட்டி முருகலட்சுமி, 'என்னங்க, புள்ளை இன்னும் வயசுக்கே வரல'ன்னா. 'நீ சும்மா இரு'ன்னுட்டேன். அடுப்படி கொஞ்சம் சுருங்கிப் போச்சு. ரெண்டு பேரு சேந்து நிக்க முடியாது. போகுது விடுங்க. டாக்டர் ரூம் நல்லா அமைஞ்சிருச்சு.

அதுல ஒரு வாஷ் பேசின் வச்சேன். அதுக்கு மாட்டுன குழாய் சாதாக் குழாய் இல்லண்ணே. ஆபரேசன் தேட்டர்ல பாத்துருப்பீங்களே, நீளமா கைப்பிடி வச்சு, முழங்கையாலயே தள்ளித் தொறக்குறது? கழுவுன கை குழாய்ல படக் கூடாதுல்ல. அந்தக் குழாய். மதுரைக்கு ஆள் விட்டு வாங்கியாந்து நானே மாட்டுனேன். என்னா தண்ணி வரத்து! புள்ளைக்கு அப்ப ஒரே குஷி. புத்தகப் பையைப் போட்டதும் ஓடிப் போயி, ரெண்டு கையையும் இப்படி மேல தூக்கிக்கிட்டு, முழங்கையால டக்குன்னு தட்டும். தண்ணி வரும். 'டாக்டர் ரெடி'ங்கும். நான் வெளிய பெஞ்சுல உக்காந்து, 'டாக்டரம்மா, முட்டி வலிக்குது'ம்பேன். வாயில பென்சிலை வச்சு காய்ச்சல் பாக்கும். அதெல்லாம் ஒரு காலம்ணே.

பன்னண்டாவதுல நல்ல மார்க்குதான். குறை சொல்ல முடியாது. இந்த டாக்டர் சீட்டுப் பரிச்சை இருக்கு பாருங்க, அதுலதான் வந்துச்சு வினை. முதல் வருசம் நூத்தி நாப்பது. எழுநூத்தி இருவதுக்குண்ணே. சரி, முதத் தடவை, எல்லாருக்கும் அப்படித்தான்னாய்ங்க. வீட்டுல உக்காந்து மறுபடி படிச்சுது. ரெண்டாம் வருசம் நூத்தி எழுவத்தி ஒண்ணு. 'பாத்தியா, ஏறுது'ன்னேன். மூணாம் வருசம், அதான் இந்த வருசம்...

எம்பத்தொம்பது.

ஆமாண்ணே. எம்பத்தொம்பது. தப்பாப் போட்டா உள்ள மார்க்கையும் புடுங்கிக்கிறுவானாம். சும்மா உக்காந்துட்டு எந்திரிச்சு வந்தவனுக்கு சைபர், கஷ்டப்பட்டு எழுதுனவனுக்கு மைனசு. என்னா கணக்குண்ணே இது? நான் வேலை பாத்த வீட்டுல ஒரு ஜாயின்ட் ஒழுகுச்சுன்னா, மத்த ஜாயின்டுக்குக் குடுத்த கூலியையும் திருப்பிக் குடுன்னு கேப்பானா?

ரிசல்ட்டு மத்தியானம் வந்துச்சு. புள்ளை போன்ல பாத்துச்சு. எங்கிட்ட நீட்டுச்சு. நான் முதல்ல, முன்னால இன்னொரு நம்பர் இருக்கும்னு நினைச்சுட்டேன், கண்ணாடி போடல. அப்புறம்தான் விளங்குச்சு. அது அழுகல. போயி கையைக் கழுவிட்டு வந்து தட்டைப் போட்டு உக்காந்துச்சு. அம்மாக்காரி சோறு வச்சா. பூராத்தையும் தின்னுச்சு. ரசம் கேட்டு வாங்கி ஊத்திக்கிருச்சு. எனக்கு அதுதான் ஆத்திரம். எம்பத்தொம்பது எடுத்துட்டு ரசமா?

ஆனா ஒண்ணு சொல்றேன், ஒரு வார்த்தை திட்டலண்ணே நானு. எத்தனை அப்பன் பெல்ட்டை உருவுறான்! நான் கையை ஓங்குனதே இல்ல. மூணு நாளு பேசல, அம்புட்டுத்தான். நாலாம் நாளு நானே போயி, 'டாக்டரம்மா, விடு, அடுத்த வருசம் பாத்துக்கிறலாம்'னு தலையைத் தடவிக் குடுத்தேன். 'யப்பா, நர்சிங் சேத்து விடுறியா?'ங்குது. அதோட படிச்ச ரோசலின்னு ஒரு புள்ளை நர்சிங்ல சேந்து ரெண்டு வருசம் முடிச்சிருச்சாம். என்னா பேச்சுண்ணே இது? டாக்டருக்குன்னு கட்டி வச்ச ரூம்ல நர்சு உக்காருறதா? 'அதெல்லாம் பேசக் கூடாது'ன்னேன். அன்பாத்தான் சொன்னேன். அப்புறம் அது நர்சிங்னு வாயைத் திறக்கவே இல்ல. சொன்னாக் கேட்டுக்கிரும். தங்கமான புள்ளை.

இதையெல்லாம் எதுக்கு உங்ககிட்ட சொல்றேன்னு பாக்குறீங்களா? ஊருக்குள்ள ஒருத்தர்கிட்டயும் வாயத் திறக்க முடியலண்ணே. நீங்க கரூர்ல இறங்கிப் போயிருவீங்க. நீங்க யாரோ நான் யாரோ. சொன்னா நெஞ்சு கொஞ்சம் லேசாகும்ல.

ஊருக்கு என்ன சொன்னேன்னு கேளுங்க. ரிசல்ட்டு வந்த மறுநாள் டீக்கடையில நாலு பேரு இருக்காய்ங்க. 'என்ன பைப்பு, டாக்டரம்மா எம்புட்டு?'ங்கிறான் ஒருத்தன். ஏத்தம் அவனுக்கு. அவன் மகன் இஞ்சினியரிங்ல அரியர் வச்சிருக்கான், அவன் கேக்குறான். 'நானூத்தி எம்பத்தொம்பது'ன்னுட்டேன்.

பொய்யில்லண்ணே அது. எம்பத்தொம்பது நெசம்தான. முன்னால ஒரு நானூறு சேத்துக்கிட்டேன். டீ மாஸ்டர் எந்திரிச்சு வந்து கையைக் குடுத்தாரு. 'சோலையப்பண்ணே, சாதிச்சுட்டீங்க'ன்னாரு. சோலையப்பண்ணேன்னு சொன்னாருண்ணே! அந்தாளு வாயில எம்பேரு வந்து அன்னிக்குத்தான் கேக்குறேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்புறம் எப்படி 'இல்லைங்க, வெறும் எம்பத்தொம்பது'ன்னு திருத்துறது, சொல்லுங்க பாப்போம்?

வீட்டுல வந்து சொன்னேன். முருகலட்சுமி தலையில கையை வச்சு உக்காந்துட்டா. புள்ளை என்னைப் பாத்துச்சு. ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லலன்னா சரின்னுதான அர்த்தம்?

அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க தெரு நலச்சங்கத்துல பரிசளிப்பு விழா. வருசா வருசம் பத்தாவது, பன்னண்டாவதுல மார்க்கு வாங்குன புள்ளைகளுக்குச் செய்யுறது. சங்கத்துக்காரவுக நேரா வீட்டுக்கே வந்துட்டாக. 'நம்ம தெருவுல முதல் டாக்டர், மேடையில பொன்னாடை போத்தணும்'ங்கிறாக. சரின்னுட்டேன். புள்ளை வரமாட்டேன்னு அந்த ரூம்ல போயி உக்காந்துக்கிருச்சு. நான் கதவுக்கு வெளிய நின்னு சொன்னேன், 'டாக்டரம்மா, அப்பன் மானம் உன் கையில இருக்கு'ன்னு. கொஞ்ச நேரம் கழிச்சு வந்துச்சு. முகத்தைக் கழுவி, பவுடர் பூசி, அம்மா பட்டுச் சேலையைக் கட்டிக்கிட்டு வந்துச்சு. பாக்க அம்புட்டு அம்சமா இருந்துச்சு.

மேடையில பொன்னாடை போத்துனாக. கேடயம் குடுத்தாக. சின்னப் புள்ளைகளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லும்மான்னு மைக்கைக் கையில குடுத்துட்டாக. புள்ளை மைக்கைப் புடிச்சுக்கிட்டு நிக்குது, நிக்குது, நின்னுக்கிட்டே இருக்குது. அப்புறம் சொல்லுச்சு: 'நான் டாக்டர் இல்லைங்க. எம்பேரு காளீஸ்வரி.'

எனக்கு உசுரு ஒரு நிமிசம் போயி வந்துச்சுண்ணே. ஆனா என்ன நடந்துச்சுங்கிறீங்க? மண்டபமே கை தட்டுது! தலைவரு மைக்கை வாங்கி, 'பாத்தீங்களா அடக்கத்தை? சீட்டு கையில வச்சுக்கிட்டு நான் டாக்டர் இல்லைங்குது. படிச்சு முடிக்கிற வரைக்கும் டாக்டர்னு சொல்ல மாட்டேங்குது. இதுதான் வளர்ப்பு!'ங்கிறாரு. பெறகு ஒரே கை தட்டு. எனக்குத் துண்டு போத்துனாக. பேரைச் சொல்லித்தான் போத்துனாக, 'திரு. சோலையப்பன் அவர்கள்'னு. புள்ளை மறுபடி மைக்குப் பக்கம் வாயைக் கொண்டு போச்சு. அதுக்குள்ள அடுத்த பரிசுக்குக் கூப்பிட்டுட்டாக. அப்பாடான்னு இருந்துச்சு.

அதுல இருந்து ஆரம்பிச்சுச்சு ஒரு தொல்லை. சனங்க ரூமைத் தேடி வர ஆரம்பிச்சுட்டாக. ஆமாண்ணே, பெஞ்சு இருக்குல்ல, வந்து உக்காந்துக்கிருவாக. எதுத்த வீட்டுக்காரம்மா, 'டாக்டரம்மா, இந்தக் காலு வீங்குதே, பாரேன்'னு சேலையைத் தூக்கிக் காட்டுது. ஒருத்தரு எக்ஸ்ரேயைக் கொண்டாந்து வெளிச்சத்துல பிடிக்கிறாரு. 'இன்னும் நான் படிக்கலைங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க'ன்னு இதும் ஒவ்வொருத்தருக்கா சொல்லும். 'அட, சும்மா பாரும்மா'ம்பாக. நான் பைக்கை நிறுத்திட்டுப் பாப்பேன். பெஞ்சு நிறைய ஆளு! நான் என்ன நினைச்சுக் கட்டுனனோ அது அப்படியே கண்ணு முன்னால நடக்குது. எனக்கு நெஞ்சு பூரிச்சுப் போச்சுண்ணே, மறைக்க மாட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் புள்ளை வந்து நிக்குது. 'யப்பா, அந்த வாசலை அடைச்சிருப்பா. செங்கல்லு வச்சுப் பூசிரு'ங்குது. 'எதுக்கு?'ன்னேன். 'அந்தக் குழாயையும் கழட்டிரு'ங்குது. 'ஏன், ஒழுகுதா?'ன்னேன். 'இல்லப்பா.' 'தண்ணி வரத்து கம்மியா?' 'இல்லப்பா.' 'பின்ன?' அப்பத்தான் அந்த வார்த்தையைச் சொல்லுச்சு. 'யப்பா, எம்பேரு காளீஸ்வரிப்பா. ஒரே ஒரு தடவை அப்படிக் கூப்பிடேன்.'

புள்ளைக்குப் படிச்சுப் படிச்சு மண்டை குழம்பிருச்சுன்னு பாவமாப் போச்சு. உள்ள போயி குழாயைக் கழட்டிப் பாத்தேன். வாஷர் ஒண்ணு லேசா தேஞ்சிருந்துச்சு. புதுசு போட்டு, கைப்பிடிக்குக் கொஞ்சம் எண்ணெயும் விட்டுக் குடுத்தேன். இப்பத் தொட்டாப் போதும், சும்மா வழுக்கிக்கிட்டுத் தொறக்கும். 'டாக்டரம்மா, இந்தா, சரி பண்ணியாச்சு'ன்னேன். அது சுவத்தைப் பாத்து உக்காந்திருந்துச்சு. ஒரு தேங்ஸ் கிடையாது.

அப்புறம் ரொம்ப மாறிருச்சுண்ணே. நல்ல மாத்தம்தான். முன்னாடியெல்லாம் எதித்துப் பேசும், டிவிக்குச் சண்டை போடும், ரோசலினோட போன்ல மணிக்கணக்குல சிரிக்கும். இப்ப ஒண்ணும் கிடையாது. உக்காருன்னா உக்காருது. சாப்பிடுன்னா சாப்பிடுது. போனையே குடுத்துருச்சு, 'நீயே வச்சுக்கப்பா'ன்னு. பொறுப்பு வந்துருச்சு. முருகலட்சுமிதான் கிடந்து புலம்புறா. 'புள்ளை சிரிச்சு எத்தனை நாளாச்சு பாத்தீங்களா? ராத்திரியில முழிச்சு முழிச்சு உக்காந்திருக்கா. எனக்குப் பயமா இருக்குங்க. நான் அவ பக்கத்துலயே பாயைப் போட்டுப் படுத்துக்கிறேன்'ங்கிறா. பொம்பளைகளுக்கு எதுக்கெடுத்தாலும் பயம். டாக்டருக்குப் படிக்கிறவுக ராத்திரி முழிக்காம?

என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க? இல்லண்ணே, அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது. நம்ம புள்ளை அப்படிக் கிடையாது. தைரியமான புள்ளை. நீங்களும் எம் பொண்டாட்டி மாதிரியே கேக்குறீங்க. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறதா? எதுக்கு? டாக்டரையே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறதா? நல்லா இருக்கே கதை.

அந்தா ரோட்டோரம் முருங்கைத் தோட்டம் பாருங்க, என்னமாக் காச்சுக் கிடக்கு. அரவக்குறிச்சி வரப் போகுதோ?

சரி, கதைக்கு வர்றேன். தெருவுல இப்ப வேற கேள்வி. 'எந்தக் காலேஜு? எப்பச் சேரணும்?' பாக்குறவன் பூராம் கேக்குறான். எத்தனை நாளைக்குச் சமாளிக்கிறது? ஒரு யோசனை வந்துச்சு. நாமக்கல் பக்கம் ஒரு கோச்சிங் சென்டர் இருக்குண்ணே. ஹாஸ்டலோட. உள்ள போயிட்டா வருசம் பூரா படிப்புத்தான். தெருவுல, 'மெடிக்கல் காலேஜ்ல கிடைச்சிருச்சு, ஹாஸ்டல்ல சேக்கப் போறேன்'னுட்டேன். 'இப்பவேவா? இன்னும் கவுன்சிலிங்கே ஆரம்பிக்கலயே'ன்னான் அந்த அரியருக்காரன். 'அது ஸ்பெசல் கோட்டாடா, உனக்கென்ன தெரியும்?'னு வாயடைச்சேன். ஆடி பிறந்துட்டா நல்ல காரியம் தொடங்க முடியாது. அதான் ஆனி முடியறதுக்குள்ள இன்னிக்கே கிளம்பிட்டோம்.

யோசிச்சுப் பாருங்கண்ணே. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. புள்ளை உள்ள இருந்து படிக்கும். ஊருக்கு அது மெடிக்கல் காலேஜ்ல இருக்குது. அடுத்த வருசம் நெசமாவே நானூத்தி எம்பத்தொம்பது எடுத்துட்டா, நான் சொன்னது அம்புட்டும் நெசமாயிரும். எடுக்கலன்னா... எடுக்கும்ணே. எடுக்கலன்னா ஊருக்கு வர முடியாதுல்ல. தீவாளி, பொங்கலுக்குக்கூட இப்பக் கூட்டிட்டு வர முடியாது, நாலு பேரு நாலு கேள்வி கேப்பாய்ங்க. நானே போயிப் பாத்துட்டு வந்துர வேண்டியதுதான். இதையும் சொல்லிட்டேன் புள்ளைகிட்ட. 'சரிப்பா'ன்னுச்சு.

காலையில நீங்க பாத்துருக்கணும். தெருவே வாசல்ல நிக்குது. ஆரத்தி எடுத்தாக. எதுத்த வீட்டுக்காரம்மா வீங்குன காலோட வந்து திருநூறு பூசி விட்டுச்சு. நான் ஒரு வெள்ளைக் கோட்டு வாங்கி வச்சிருந்தேன். டாக்டருக போடுறது. போட வேண்டாம், சும்மா கையில போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வா, ஊரு பாக்கட்டும்னேன். கையில போட்டுக்கிட்டு வந்துச்சு. இந்தப் பெட்டியில மேலயே இருக்கு, கசங்காம மடிச்சு வச்சிருக்கேன். அதுக்கு அடியில அம்புட்டும் அதே பழைய புஸ்தகம்தான். மூணு வருசமாப் படிச்சது.

கிளம்புற நேரத்துல முருகலட்சுமி ஒரு காரியம் பண்ணுனா பாருங்க. அதுவரைக்கும் நல்லாத்தான் போச்சு. புள்ளை ஆட்டோவுல ஏறிருச்சு. இவ ஓடி வந்து முகத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, 'காளீஸ்வரி'ன்னுட்டா. அம்புட்டுத்தான் சொன்னா. 'ஏ காளீஸ்வரி'. ரிசல்ட்டு அன்னிக்கு அழுகாத புள்ளை, மேடையில அழுகாத புள்ளை, உடைஞ்சு போச்சுண்ணே. அப்படி ஒரு அழுகை. 'அம்மா, நான் போகலம்மா, நான் போகலம்மா'ன்னு அவ சேலையைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது. தெருவே பாக்குது. நான்தான், 'அம்மாவைப் பிரிஞ்சு இருந்ததில்ல, அதான்'னு சொல்லிச் சமாளிச்சேன். கையைப் பிரிச்சு எடுத்து ஆட்டோவைக் கிளம்பச் சொன்னேன். முருகலட்சுமியை நல்லா ஏசிட்டேன். 'நல்ல நாளும் அதுவுமா பேரைச் சொல்லிக் கூப்பிட்டு புள்ளை மனசைக் கலைச்சுட்டியே, அறிவு இருக்கா உனக்கு?'ன்னு. பின்ன என்னண்ணே?

மதுரை ஆரப்பாளையத்துல இந்த பஸ்ஸு ஏறுனதுல இருந்து ஒரு வார்த்தை பேசல. வடை வாங்கிக் குடுத்தேன், கையிலயே வச்சிருந்துச்சு. எனக்கும் மனசு கேக்கலண்ணே. பெத்தவன்ல. 'போடா, வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிருவோம்'னுகூட ஒரு நிமிசம் தோணுச்சு. ஆனா வீட்டுக்குப் போனா? பஸ் ஸ்டாண்டுல இறங்கி, டீக்கடையைத் தாண்டித்தான நடக்கணும்? பழையபடி 'ஏ பைப்பு'ன்னு கூப்பிடுவான். இல்ல, அது முடியாதுண்ணே. அது மட்டும் முடியாது.

கரூரா? அதுக்குள்ளயா? பேசிக்கிட்டு வந்ததுல தெரியவே இல்ல. கண்டக்டரு விசில் ஊதுறாரு பாருங்க. இருங்க, பெட்டியை ஒதுக்கிக்கிறேன், தாண்டிப் போங்க.

அண்ணே, ஒரே ஒரு உதவி. நீங்க முன் வாசல் வழியாத்தான இறங்குவீங்க? புள்ளை சீட்டைத் தாண்டித்தான் போகணும். போறப்ப, 'டாக்டரம்மா, போயிட்டு வர்றேம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா அதுக்குப் பழகிப் போச்சு. வெளியாளு, முன்னப் பின்னத் தெரியாதவரு, அவரே டாக்டரம்மாங்கிறாரேன்னு ஒரு தெம்பு வரும்ல. ஏண்ணே தயங்குறீங்க? ஒரு வார்த்தைதான.

பேரைச் சொல்லிறாதீங்க. காளீஸ்வரின்னு மட்டும் சொல்லிறாதீங்க, அழுதுரும். அப்புறம் நாமக்கல்லு வரைக்கும் என்னால சமாளிக்க முடியாது.

தூங்குதா? இல்லண்ணே, தூங்கலயே. அந்தா டிரைவருக்கு மேல இருக்குற கண்ணாடியில தெரியுது பாருங்க, கண்ணு முழிச்சுத்தான் இருக்கு. திண்டுக்கல்லுல இருந்தே முழிச்சுத்தான் இருந்துருக்கும் போல. நல்லதாப் போச்சு. போங்கண்ணே, போயிச் சொல்லுங்க.